மெத்தையேறிய அட்டை

அட்டையைப் பிடித்து மெத்தையில் வைத்தாலும் அது செத்தையைத் தேடும் என்பது தமிழ்ப் பழமொழி. குளத்து அட்டையைக் குறித்து எழுந்த இம்மொழி, இழிந்ததாகக் கருதப்பட்ட பிறப்பு உயர்ந்த இடத்திற்கு ஒவ்வாது என்னும் கருத்தை நெடுங்காலமாகச் சுமந்து வந்துள்ளது. 1913 ஆம் ஆண்டுக் கோடையிற் பிரான்சிய இசையாக்குநர் ஒருவர் அட்டையொன்றைப் பிடித்து மெத்தையில் வைத்தார். அவ்வட்டை கடலட்டை; மெத்தை பியானோ. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அது அங்கிருந்து இறங்கவில்லை.

அவ்விசையாக்குநர் எரிக் சாட்டி (1866 - 1925). நோர்மண்டிக் கரையின் துறைமுகப் பட்டினமாகிய ஒன்பிளேரிற் பிறந்து, பாரிசின் மொன்மார்த் பகுதிக் களியாட்டு விடுதிகளிற் பியானோ வாசித்து வயிறு வளர்த்தவர். இசையிலக்கணம் அறியாதவர் என்னும் பழிச்சொல்லைக் கேட்டுக் கேட்டு, நாற்பதை நெருங்கிய வயதில், 1905 இல், ஸ்கோலா கன்ரோரும் என்னும் இசைக்கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து அவ்விலக்கணத்தை முறைப்படி பயின்றவர். 1913 ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் அவர் எழுதி முடித்த மூன்று சிறு பியானோ உருப்படிகளின் தொகுதிக்கு 'உலர்ந்த கருக்கள்' என்று பெயர். முதல் உருப்படி கடலட்டை பற்றியது. ஏனைய இரண்டும் ஓட்டுடலிகள் பற்றியவை. காம்பில்லாக் கண்ணுடைய சிற்றுயிர்கள் இரண்டாவதற்கும், நண்டும் சிங்க இறாலும் போலக் காம்பின்மேற் கண்ணுடையவை மூன்றாவதற்கும் பொருளாயின. மூன்றையும் சேர்த்து வாசிக்க ஆறு நிமிடமளவிற் செல்லும். பாடகரில்லை, பக்கவாத்தியமில்லை, ஒருவர் தனித்திருந்து வாசிக்கும் இசை அது.

இவ்வுருப்படியை மேலைத்தேய இசை வரலாற்று நூல்கள் ஒரு வேடிக்கையாகக் குறிப்பிட்டுச் செல்லும். ஈழத்துத் தமிழ்க் கல்வியுலகம் அவ்வளவும் செய்வதில்லை. மன்னாரையும் மேலைத்தேய இசையையும் இணைத்துப் பேசவேண்டி நேரும்போது அது பெருமிதத்தோடு எடுத்துக்காட்டுவது வேறொன்றை. ஜோர்ஜ் பிசே 1863 இல் ஆக்கிய 'முத்துக்குளிப்போர்' என்னும் இசைநாடகமே அது. உலகப் புகழ்பெற்ற இசைமேதையொருவர் இந்நாட்டு முத்துக்குளிப்பைப் பாடினார் என்ற செய்தி, மன்னார்க் கரைக்கு வழங்கப்பட்ட ஒரு பட்டயம் போலப் போற்றப்படுகின்றது. அப்பட்டயம் எத்தகையது என்பதைச் சற்று விரித்து நோக்குவது தகும்.

'முத்துக்குளிப்போர்' 1863 செப்டெம்பர் 30 ஆம் திகதி பாரிசில் அரங்கேறியபோது பிசேக்கு வயது 24. பாடல் நூலை எழுதியோர் கொர்மோன், காரே என்னும் இருவர். முதலில் அவர்கள் கதையை மெக்சிக்கோ நாட்டில் நிகழ்வதாகவே அமைத்திருந்தனர். பின்னரே அது இலங்கைக்கு இடம்பெயர்ந்தது. கதையின் உறுப்பொன்றும் அவ்விடப்பெயர்ச்சியால் வருந்தியதாகத் தெரியவில்லை. நாடிர், சுர்கா, லெய்லா, நூராபாத் என்பன பாத்திரங்களின் பெயர்கள். அப்பெயர்களுடைய முத்துக்குளிப்போர் அரிப்பிலோ சிலாவத்துறையிலோ வாழ்ந்ததில்லை. அவர்கள் வழிபடுவது பிரமாவை; பிரமாவுக்குக் கோயிலெடுத்து வழிபடும் வழக்கம் அக்கரையில் எக்காலத்திலும் இருந்ததில்லை. முத்துக்குளிப்போர் பெயரளவிலேயே கதாநாயகர். மூன்று அங்கங்களிலும் ஒருவன்கூட மேடையில் மூச்சடக்கி நீரில் இறங்குவதில்லை. முக்காடிட்ட கன்னிப்பெண் பாறைமீது நின்று பாட, அவளைக் காதலித்த இருவர் நட்பையும் காதலையும் குறித்துப் பாட, கடல் பின்திரையில் தொங்கிக்கொண்டிருக்கின்றது. இருவர் சேர்ந்து பாடும் அப்பாடலின் இனிமையை மறுப்பவர் எவருமிலர். அவ்வினிமையில் மன்னாருக்கு என்ன பங்குண்டு என்பதே வினா. மெக்சிக்கோவுக்கு எத்துணைப் பங்கோ அத்துணையே மன்னாருக்கும்.

உண்மையான முத்துச் சலாபத்தில் நாடகத்திற்கு வேண்டிய பொருள் குறைவாக இருந்ததா எனின், இல்லை. கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் வந்த சுழியோடிகள் காலிற் கல்லைக் கட்டி இறங்கினர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாகக் கூறிய கடல்கட்டிகள் கரையில் நின்றனர். அவர்களில்லாமல் இறங்கமாட்டோம் எனச் சுழியோடிகள் மறுத்ததால், அம்மந்திரத்தில் நம்பிக்கையற்ற ஆங்கிலேய அரசே அவர்களைப் பேணவேண்டியிருந்தது. கரையேற்றிய சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டனர். சதையைப் புழு தின்ற பின்னரே கழுவி முத்தெடுத்தனர். 1906 இல் மறிச்சுக்கட்டிச் சலாபத்தில் இளம் சிவில் அதிகாரியாகக் கடமையாற்றிய லெனாட் வுல்ப், பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் அச்சலாபத்தைப் பற்றி எழுதியிருக்கின்றார். அழுகிய சிப்பியின் நாற்றம் சலாபத்தைக் கண்டெழுதிய எவராலும் மறக்கப்பட்டதில்லை. முத்தின் தூய்மை கழுவிய பின்னர் வந்த தூய்மை. கழுவியவர் கையை எந்த இசைநாடகமும் பாடவில்லை.

பிசேயைக் குறைகூறி அமைவது எளிது. தமிழிலக்கியம் முத்தை நடத்திய முறையும் அதனினும் பெரிதும் வேறானதன்று என்பதை ஒப்புக்கொள்வதே கடினம். சங்க கால நெய்தற் புலவர் கடற்கரையின் சிற்றுயிர்களைப் பார்த்தனர். அலவனாகிய நண்டு அப்பாடல்களில் ஓடுகின்றது. தலைவி அதனை ஆட்டி விளையாடுகின்றாள். தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்தபோது நண்டைத் தும்பியோடு சேர்த்து நாலறிவுயிரெனக் கொண்டது. உற்று நோக்கிய கண்கள் அவை. பின்னாளிலோ முத்து அரசனின் மார்பிலும் மங்கையின் பல்வரிசையிலும் குடியேறி, அங்கிருந்து திரும்பிக் கடலுக்கு வரவேயில்லை. முத்தென்றதும் நினைவுக்கு வருவது உவமை, சிப்பியன்று, சுழியோடியுமன்று. இன்றும் மன்னாரைப் பற்றி மேடையேறிப் பேசுபவர் கொற்கையையும் மாதோட்டத்தையும் முத்தையும் சொல்லி அமர்ந்துவிடுவர். பெருஞ்சலாபங்கள் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியோடு ஓய்ந்துவிட்டன. 1906 இல் இருபதாண்டுக் குத்தகைக்கு முத்துப்பார்களை எடுத்த பிரித்தானியக் கம்பனி சில ஆண்டுகளிலேயே முறிந்தது. அக்கரையின் கடலடியிலிருந்து இன்று பொருளீட்டித் தருவது முத்தன்று, அட்டையே. எனினும் சொற்பொழிவு இன்னும் முத்திலேயே நிற்கின்றது.

முத்தைத் தேடிச் சென்றபோது அட்டையையும் கண்ணெடுத்துப் பார்த்தவர் அறிவியலாளர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1902 இல் மன்னார்க் குடாவின் சிப்பிப் பார்களை ஆராய இலங்கை அரசு பேராசிரியர் ஹேட்மனை அழைத்தது. முத்துச்சிப்பி ஏன் சில ஆண்டுகளில் பெருகிச் சில ஆண்டுகளில் மறைகின்றது என்பதைக் கண்டறிவதே அவருக்கு இடப்பட்ட பணி. அவர் வாரியெடுத்த கடலட்டைகளை வகைப்படுத்தி ஜோசப் பியர்சன் எழுதிய அறிக்கை 1903 இல் அவ்வாராய்ச்சியின் துணை அறிக்கையாக வெளிவந்தது. பியர்சன் பின்னர் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளரானார். முத்துக்கு முதன்மை அறிக்கை, அட்டைக்குத் துணை அறிக்கை என்ற ஏற்றத்தாழ்வு அங்கும் உண்டு. இருந்தும் அட்டைக்கு ஓர் அறிக்கை கிடைத்தது. (இயற்கை இவ்வேற்றத்தாழ்வை மதிக்கவில்லை என்பதற்கு ஒரு சான்றுண்டு. கடலட்டையின் உடலுக்குட் குடியிருக்கும் மெலிந்த மீனொன்றை ஆங்கிலேயர் முத்துமீன் என்பர். அம்மீன் சிலவேளை சிப்பிக்குள் நுழைந்து இறந்து, முத்துப்பூச்சு ஏறிய நிலையிற் கண்டெடுக்கப்பட்டதால் வந்த பெயர் அது. அட்டைக்கும் சிப்பிக்கும் ஒரே குடியிருப்பாளன்.)

இனி, சாட்டியின் அட்டைக்கு வருவோர் முதலில் அவர் எழுதிய சிறு முகவுரையைக் காண்பர். அதிற் சொல்லப்படுவன சில. கடலட்டை பூனையைப் போலக் குறுகுறுக்கும். அருவருப்பான ஒருவகை நூலை நூற்கும். வெளிச்சம் அதற்கு உவப்பில்லை. சென் மாலோ விரிகுடாவில் அப்படியொன்றைத் தாம் கண்டதுண்டு. மேலைத்தேய விமரிசகர் இவையனைத்தையும் ஒரே கூடையிற் போட்டு நகைச்சுவை என்று பெயரிட்டனர். மன்னார்க் கரையிற் சுழியோடும் எவரிடமேனும் இவற்றைக் கேட்டிருப்பின் விடை வேறாக இருந்திருக்கும்.

கடலட்டையில் நூலட்டை என்றொரு வகை உண்டு. தொட்டால் அது பின்புறத்தால் வெண்ணிறமான ஒட்டும் இழைகளைப் பாய்ச்சும். கையிலும் வலையிலும் பற்றிக்கொண்டால் அவ்விழைகளை அகற்றுவது பெரும்பாடு. பகைவரிடமிருந்து தப்புவதற்கு அவ்வுயிர் கையாளும் வழி அது. விலங்கியலார் அவ்விழைக் குழாய்களுக்குக் குவியே என்னும் பிரான்சிய அறிஞரின் பெயரை இட்டனர். மன்னார்க் குடாவின் இருகரைச் சுழியோடிகளும் அவ்வுயிருக்கே நூலட்டை எனப் பெயரிட்டனர். சாட்டி சொன்ன நூல் அதுவே. வெளிச்சத்தை அது விரும்பாது என்பதும் உண்மையே. வெள்ளை அட்டை என வழங்கும் வகை பகலின் பெரும்பகுதியை மணலுட் புதைந்து கழித்து இரவில் மேலெழுந்து மேயும். அதனாலன்றோ சுழியோடிகள் விளக்கேந்தி இரவில் இறங்குகின்றனர்? குறுகுறுப்பு ஒன்றே சாட்டியின் கற்பனை. கடலட்டைக்கு ஒலியில்லை, மூளையுமில்லை. அது மணலை உண்டு, மணலிற் கலந்த அழுகற்பொருளைச் செரித்து, தூய்மையாக்கிய மணலை வெளியேற்றிக் கடலடியை உழுதுகொண்டு ஊர்வது. வாயும் எருவாயும் இரு முனைகளில் அமைந்த உருளை. மூச்சு விடுவதும் எருவாயாலேயே. தாக்கப்படும்போது தன் உள்ளுறுப்புகளையே வெளியே கக்கிவிட்டுப் பின்னர் அவற்றைப் புதிதாக வளர்த்துக்கொள்ளும் வகைகளும் உள. இத்தகையதோர் உயிருக்கு இசையாற் குரல் கொடுக்க முனைந்தவர் அதனைச் சிங்கமாக்கவில்லை, அன்னமாக்கவும் இல்லை. அவருடைய அட்டை காலையிற் புறப்படுகின்றது, மழை பெய்கின்றது, பாறையொன்றைக் கண்டு மகிழ்கின்றது, மாலையில் திரும்புகின்றது. சிறு சுரக்கூட்டமொன்று இடைவிடாது உருண்டுகொண்டேயிருக்கின்றது. பாறையைக் கண்டதும் சென் மாலோவின் பாறையைப் பற்றிய பழைய பிரான்சியப் பாட்டொன்றின் மெட்டு இடையிற் தலைகாட்டுகின்றது. சொந்த ஊர்ப் பாட்டை அட்டையும் அறியும் போலும். ஓர் உழைப்பாளியின் ஒருநாட் பொழுது இவ்வாறுதான் கழியும்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். சாட்டி அட்டையைப் போற்றவில்லை, அதனைக் கொண்டு நகையாடினார். இழிந்த பொருளை உயர்ந்த கருவியில் ஏற்றிச் சிரிப்பு மூட்டுவது இழிவை உறுதிசெய்வதே யாகும் என்பர். நகைப்பு யாரை நோக்கியது என்பதைக் கேட்டால் இம்மறுப்பு நில்லாது. இரண்டாவது உருப்படியில் ஷோப்பனின் புகழ்பெற்ற இறுதிச்சடங்கு இசை எடுத்தாளப்பட்டு, அது ஷூபேட்டின் மசூர்க்கா என்று ஏட்டிற் குறிக்கப்பட்டுள்ளது. ஷூபேட் மசூர்க்கா எதனையும் எழுதியவரல்லர். இங்கே நகைப்புக்கு உள்ளாவது ஓட்டுடலியன்று. எவர் இசை எதுவென்று அறியாமலே கண்ணை மூடித் தலையாட்டும் இசையரங்குக் கனவான். மூன்றாவது உருப்படி முடியவேண்டிய இடத்தில் முடியாமல் ஒரே பெருஞ்சுரக்கூட்டை மீண்டும் மீண்டும் அடித்து முழங்குகின்றது. நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியச் சிம்பனிகள் தம் இறுதியில் எழுப்பிய ஆரவாரத்தின்மீது வைத்த குத்து அது. அட்டைமீதன்று, ஆடம்பரத்தின்மீதே அவர் சினம். இன்னுமொன்று: ஏட்டில் எழுதிய வேடிக்கை வரிகளை வாசிப்பின்போது உரக்கப் படிக்கலாகாது என்று 1914 இல் எழுதிய மற்றொரு தொகுதியின் முகப்பில் அவர் தடை விதித்தார். சிரிப்பு மூட்டுவதே நோக்கமாயின் இத்தடை எதற்கு? கேட்போருக்கு இசை மட்டுமே. சொற்கள் வாசிப்பவரின் கண்ணுக்கு மட்டும்.

இரண்டாம் மறுப்பு தமிழிசை வல்லோரிடமிருந்து வரக்கூடியது. இந்திய இசை இறைவனை நோக்கியது. சொல்லையும் பக்தியையும் உயிராகக் கொண்டது. ஊர்வனவற்றையும் நீந்துவனவற்றையும் வாத்தியத்தில் வரைந்து காட்டுதல் அதன் மரபன்று என்பது அவர் வாதம். அங்ஙனமாயின் மகுடி எங்கிருந்து வந்தது? புன்னாகவராளியை நாதசுரத்தில் ஊதிப் பாம்பின் நெளிவையும் படமெடுப்பையும் கேட்போர் கண்முன் நிறுத்தும் வித்துவானை எந்தச் சபையும் இதுவரை எழுப்பி அனுப்பியதில்லை. பாட்டில்லை, பக்தியில்லை, தனி வாத்தியம், ஓர் ஊர்வன: சாட்டியின் உருப்படிக்குரிய அனைத்தும் அங்குள்ளன. பாம்புக்கு வழிவிட்ட மரபு அட்டைக்கு வழிவிடாததன் காரணம் இசையிலக்கணத்தில் இல்லை. பாம்பு சிவன் கழுத்திலும் திருமாலின் படுக்கையிலும் இடம்பெற்றுவிட்டது. அட்டைக்கு அத்தகைய சிபார்சு எதுவும் வாய்க்கவில்லை. பொருளின் தகுதியை அதன் செல்வாக்குள்ள உறவினரைக் கொண்டு அளக்கும் வழக்கம் சபைக்கு வெளியிலும் தமிழர் அறிந்ததே.

ஆயினும் சாட்டியோடு நின்றுவிடவும் இயலாது. அவர் 'உலர்ந்த' என்றது நூதனசாலைக் கண்ணாடிப் பேழையிலுள்ள காய்ந்த மாதிரியைக் கேலிசெய்யும் சொல். 'கருக்கள்' என்றதும் அவ்வாறே, அவர் பாடிய மூன்றும் கருக்களல்ல. மன்னாரில் உலர்தல் என்பது தொழில். பிடித்த அட்டையின் குடலை நீக்கி, அவித்து, மணலிற் புதைத்து, மேற்தோலின் சுண்ணாம்புப் படலம் இளகியபின் தேய்த்துக் கழுவி, மீண்டும் அவித்து, வெயிலிற் காயவிடுவர். நிறையிற் பத்திலொரு பங்குகூடத் தேறாது. அவ்வாறு சுருங்கிக் கறுத்துக் கல்லாகிப்போன பொருள் ஹொங்கொங், சிங்கப்பூர், தாய்வான் சந்தைகளுக்குச் செல்கின்றது. சீனர் அதனைக் கடலின் ஜின்செங் மூலிகை எனப் பொருள்படும் பெயரால் அழைத்து விருந்துகளிற் பரிமாறுவர். பிடித்தவர் வீட்டில் அது சமைக்கப்படுவதில்லை. உண்ணாத ஒன்றைத் தேடி, கரையோர அட்டை அருகிவர ஆழத்துக்குச் சென்று, காற்றுக்கலனை முதுகிற் கட்டி ஒரே இரவிற் பலமுறை இறங்கி ஏறும் சுழியோடியின் குருதியில் நைதரசன் குமிழிகள் தோன்றுகின்றன. மூட்டுவலியோடு தப்பியவருமுண்டு, கால் விழுந்தவருமுண்டு, மீளாதவருமுண்டு. சாட்டியின் அட்டைக்கு மழையும் வெயிலுமே துன்பம். இத்துன்பம் அவர் அறியாதது. அறிந்து எழுதவேண்டியவர் அவருமல்லர்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். அக்கடலடியில் ஊரும் அட்டைக்கு எல்லை தெரியாது. இந்தியா 2001 இல் கடலட்டையினம் முழுவதையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலியும் யானையும் இருந்த அட்டவணையில், சேர்த்துப் பிடித்தலைக் குற்றமாக்கியது. இலங்கையில் அனுமதிப்பத்திரம் பெற்றுப் பிடிக்கலாம், வளர்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம். வடமேற்கே ஓர் இரவு நீரோட்டத்தில் புலிக்கு நிகரான உயிர், தென்கிழக்கே மறுநாட் காலை அந்நியச் செலாவணி. அக்கரையில் அதனைத் தொட்ட இராமநாதபுரத்து மீனவர் சிறை செல்கின்றார். இக்கரையில் மீனவரின் கரைக்கடலை வேலியிட்டு அட்டைப் பண்ணைகள் எழுகின்றன. 2021 இல் கிளிநொச்சி மாவட்டத்துக் கௌதாரிமுனையில் சீன நிறுவனமொன்றின் தொடர்புடைய பண்ணைக்கு எதிராக மீனவர் குரலெழுப்பினர். வேலியிட்ட கடலில் இறாலுக்கும் வலைக்கும் வழியில்லை என்பது அவர்கள் முறையீடு; வருமானமும் வேலைவாய்ப்பும் என்பது அதிகாரத்தரப்பின் விடை. மன்னார்க் கரையிலும் பண்ணைகள் வந்துள்ளன. அரசியலும் பொருளாதாரமும் வாழ்வும் சாவும் ஓர் உயிரைச் சுற்றி இவ்வளவு பின்னிக் கிடக்க, அவ்வுயிர் கலைக்குரிய பொருளன்று எனக் கூறுவோர் கலையென்று எதனைக் கருதுகின்றனர்?

ஆற்றலில்லை என்றும் கூறமுடியாது. மன்னார் கலையில்லாத ஊரன்று. கத்தோலிக்க நாட்டுக்கூத்தும் வாசாப்பும் அங்கே தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்துள்ளன. பேராதனையிற் பணியாற்றிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் என்றிக் எம்பரதோர், மூவிராசாக்கள் ஆகிய மன்னார் நாடகங்களைப் பதிப்பித்து அச்சேற்றினார். பல்கலைக்கழகம் கிராமத்தை நோக்கித் திரும்பிய காலம் அது. அதன் பயனை மறுக்கவொண்ணாது. ஆனால் அந்நாடகங்களின் பெயர்களையே நோக்குக. ஐரோப்பியப் பேரரசன் ஒருவன், கீழ்த்திசை மன்னர் மூவர். மன்னார் மீனவன் மேடையேறியபோது முடிசூடியே ஏறினான்; வலை இழுத்த கையில் மரவாளைப் பிடித்து அரசனாக ஆடினான். பாரிசின் பியானோவில் மன்னார்க் கடலின் இனத்ததாகிய உயிர் ஊர்ந்துகொண்டிருந்த அதே நூற்றாண்டில், மன்னார் மேடையில் ஐரோப்பியச் சக்கரவர்த்தி உலாவந்தான். இம்மாற்றத்தில் இலாபம் அடைந்தவர் யார் என்பதைக் கூத்தாராய்ச்சி இதுவரை கேட்கவில்லை. வலை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்கள் உண்டு என்பது உண்மையே. அவை ஏடுகளில் நாட்டார் வழக்காறு என்னும் தலைப்பின்கீழ்த் தொகுக்கப்பட்டுப் பரீட்சைக்குரிய பகுதியாயின. இசையரங்குக்குரிய பொருளாகவில்லை.

மருதனார்மடத்தில் 1960 இல் இராமநாதன் சங்கீத அக்கடமி தொடங்கிற்று. 1975 இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் பின்னர் அரை நூற்றாண்டுக் காலம் ஆண்டுதோறும் வாத்தியக்காரர் அங்கே பயின்று பட்டம்பெற்று வெளியேறுகின்றனர். வயலினும் வீணையும் மிருதங்கமும் அவர் கைகளில் உண்டு. பியானோ இல்லையே என்பது சாக்காகாது. சாட்டிக்குப் பியானோ கையில் இருந்தது, அதனால் பியானோவுக்கு எழுதினார். மன்னாரின் அண்ணாவிமாருக்கு மத்தளமும் தாளமும் ஆர்மோனியமும் உள்ளன. வெள்ளை அட்டை, நூலட்டை, ராஜ அட்டை என வகைபிரித்துப் பெயரிட்டு, ஒவ்வொன்றும் எம்மணலில் எப்பொழுதில் எழும் என அறிந்தவர்கள் அவ்வண்ணாவிமாரின் அயல்வீட்டார். வாட்போருக்கு ஒரு தரு, சபைவரவுக்கு ஒரு தரு எனப் பிரித்தறியும் காதுக்கு, இருளில் மணலை நீக்கி மேலெழும் அட்டையின் ஊர்ச்சிக்குரிய நடையைக் கண்டுகொள்வது பெரிய காரியமன்று. கேட்டுக்கொள்ள ஒருவர் அவரிடம் போகவேண்டும். இன்றுவரை அவரிடம் போனவர்கள் எம்பரதோரைப் பற்றியே கேட்டிருக்கின்றனர்.